ஆழ்கடல் அழுத்தமும் நண்டின் கால் நரம்பும்: ஓட்டுடலிகளில் நரம்பு – தசைச் செய்திப் பரிமாற்றம் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நண்டு, இறால், சிங்கி இறால் முதலிய ஓட்டுடலிகளின் உடலில் காற்றறைகள் இல்லை. ஆகவே ஆழ்கடலின் அழுத்தம் அவற்றை நசுக்குவதில்லை. எனினும் ஆழம் குறைந்த நீரில் வாழும் ஓர் ஓட்டுடலியை ஆயிரம் மீட்டர் ஆழத்திற்குரிய அழுத்தத்தில் வைத்தால், அதன் நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தி வலுவிழக்கிறது. இக்குறைவு பெரிதும் நரம்பு முனையில், நரம்பியக்கடத்தி வெளியிடப்படும் படிநிலையில் நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அதற்கான காரணம் மூலக்கூறுகளின் பருமன் மாற்றத்தில் உள்ளது என்பதும், ஆழத்திற்கே உரிய உயிரினங்கள் இதிலிருந்து வேறுபடுகின்றன என்பதும், இவ்வறிவு மனிதரின் ஆழ்கடல் பயணத்தோடு எவ்வாறு தொடர்புடையது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓட்டுடலிகள், நீரழுத்தம், நரம்பு – தசைச் சந்திப்பு, கால்சியம், நரம்பியக்கடத்தி, ஆழ்கடல்

முன்னுரை

வாணியம்பாடியைச் சூழ்ந்த வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழும் நண்டும், வங்கக் கடலின் இருண்ட ஆழத்தில் ஊர்ந்து திரியும் நண்டும் உடலமைப்பில் உறவினர்களே. இரண்டுக்கும் பத்துக் கால்கள். இரண்டின் கால்களையும் இயக்குவன ஒரே வகையான நரம்பும் தசையுமே. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் அதன் கால்கள் முறையாக இயங்கா. சங்கப் புலவர்கள் அலவன் என்றும் ஞெண்டு என்றும் பெயரிட்டு, அதன் நடையையும் வளையையும் கூர்ந்து நோக்கிய இவ்வுயிரினத்தின் கால், கடந்த அரை நூற்றாண்டில் நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் முதன்மையான கருவியாக விளங்கி வருகிறது.

தமிழகத்தில் இப்பொருள் இன்று கூடுதல் கவனத்திற்குரியது. சென்னைப் பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், சமுத்ரயான் திட்டத்தின்கீழ் மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு அழைத்துச் செல்வதற்கென மத்ஸ்யா 6000 என்னும் கலத்தை உருவாக்கி வருகிறது. தூத்துக்குடியிலிருந்து செல்லும் விசைப்படகுகள் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து ஆழ்கடல் இறால்களையும் சிங்கி இறால்களையும் கரைசேர்க்கின்றன. ஆழத்திற்கு இறங்கும் மனிதரையும் ஆழத்திலிருந்து ஏற்றப்படும் உயிரினத்தையும் பற்றி எழும் வினா ஒன்றே: அழுத்தம் மாறும்போது நரம்புக்கு என்ன நேர்கிறது?

1. சொல் குறித்த ஒரு விளக்கம்

இப்பொருளைத் தமிழில் எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒரு சொல்லைப் பற்றியது. நரம்பில் ஓடும் மின்நிகழ்வை மின்னழுத்தம் என்னும் சொல்லாலேயே பாடநூல்கள் குறிக்கின்றன. நீரின் அழுத்தத்தைப் பற்றிய கட்டுரையில் 'அழுத்தம் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் மயங்குவர். எனவே இக்கட்டுரையில் 'அழுத்தம்' என்பது நீராலோ வளியாலோ எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாகச் செலுத்தப்படும் அழுத்தத்தை மட்டுமே குறிக்கும். நரம்பிழையில் ஓடும் மின்நிகழ்வு 'மின்துடிப்பு' எனவும், அதன் விளைவாகத் தசையிழையில் எழும் மின்மாற்றம் 'தசைமறுமொழி' எனவும் வழங்கப்படும். நரம்பு முனையும் தசையும் அடுத்தமையும் இடம் 'சந்திப்பு' எனப்படும்.

2. அழுத்தத்தின் அளவு

கடல் மட்டத்தில் நம்மீது செயல்படும் காற்றின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு. கடலில் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஏலகிரி மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. வாணியம்பாடியிலிருந்து அம்மலைமீது ஏறுபவர் இழக்கும் காற்றழுத்தம் ஒரு வளிமண்டல அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. கிணற்று நீரில் ஒரு மீட்டர் மூழ்கினால் அதைவிடச் சற்று மிகுதியான அழுத்த மாற்றம் ஏற்பட்டுவிடும். இந்த ஒப்பீட்டிலிருந்து, 1,000 மீட்டர் ஆழத்தில் நிலவும் 100 வளிமண்டல அளவு, அதாவது ஏறத்தாழ 10 மெகாபாஸ்கல் அழுத்தம் எத்தகையது என்பது புலனாகும்.

அழுத்தத்தால் உடல் நசுங்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. காற்று நிரம்பிய அறைகளைப் பொறுத்தமட்டில் அது உண்மை. ஆனால் நீர், 100 வளிமண்டல அளவு அழுத்தத்திலும் தன் பருமனில் அரை விழுக்காட்டிற்கும் குறைவாகவே சுருங்குகிறது. நண்டின் உடல் முழுவதும் நீர்மத்தாலும் திசுக்களாலும் நிரம்பியது. ஓட்டின் உள்ளும் புறமும் அழுத்தம் சமம். ஆகவே ஓடு உடைவதில்லை, தசை கிழிவதில்லை. பாதிப்பு கண்ணுக்குப் புலப்படாத வேறோர் இடத்தில் தொடங்குகிறது.

முத்துக்குளிப்போரும் சங்குகுளிப்போரும் அறிந்த நோய்களையும் இதிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் சில பத்து மீட்டர் ஆழத்திற்குள் மூழ்குவோருக்குக் காதுவலியும், சுவாசக் கருவியுடன் நெடுநேரம் மூழ்கி விரைந்து மேலேறுவோருக்கு உடலில் வளிக்குமிழ்களும் ஏற்படுகின்றன. அவை வளியின் விளைவுகள். இங்கு ஆராயப்படுவது, வளியின் பங்கு ஏதும் இல்லாதபோதும் அழுத்தம் தானே நரம்பில் ஏற்படுத்தும் விளைவு.

3. நண்டின் காலில் செய்தி செல்லும் முறை

மனிதனின் கைத்தசை ஒன்றை நூற்றுக்கணக்கான நரம்பிழைகள் இயக்குகின்றன. ஓட்டுடலிகள் மிகச் சிக்கனமானவை. கால்நுனிக் கணுவை விரிக்கும் தசை முழுவதற்கும் ஒரேயொரு தூண்டும் நரம்பிழை உண்டு. அதனுடன் அத்தசையை அடக்கும் நரம்பிழையும் சேர்ந்து செல்கிறது. தூண்டும் இழையின் முனையிலிருந்து குளூட்டமேட்டும், அடக்கும் இழையின் முனையிலிருந்து காபா என்னும் பொருளும் வெளியாகின்றன. சிங்கி இறாலின் அடக்கும் நரம்பு காபாவை வெளியிடுகிறது என்பதை ஒட்சுகா, ஐவர்சன், ஹால், கிராவிட்ஸ் ஆகியோர் 1966இல் நிறுவினர்.

நமது உடலின் நரம்பு – தசைச் சந்திப்பில் செயல்படுவது அசிட்டைல்கோலின். மூளையின் சந்திப்புகளிலோ தூண்டலுக்குக் குளூட்டமேட்டும் அடக்குதலுக்குக் காபாவும் முதன்மையாகப் பயன்படுகின்றன. எனவே வேதிமொழியைப் பொறுத்தமட்டில் நண்டின் கால், மனிதனின் காலைவிட மனிதனின் மூளைக்கே நெருக்கமானது. மூளையின் ஆயிரக்கணக்கான சந்திப்புகளிடையே ஒன்றைத் தனித்து அளப்பது கடினம். நண்டின் காலில் அதே வகைச் சந்திப்பைத் தனியாக அளக்க இயலும். ஆய்வாளர்கள் இவ்வுயிரினத்தைத் தெரிவு செய்தமைக்கு இதுவே காரணம்.

செய்தி கடந்து செல்லும் படிகள் நான்கு. முதலாவதாக, மின்துடிப்பு நரம்பு முனையை அடைகிறது. இரண்டாவதாக, முனையின் படலத்தில் உள்ள கால்சிய வாயில்கள் திறந்து, கால்சிய அயனிகள் உட்புகுகின்றன. மூன்றாவதாக, அவ்வயனிகளின் தூண்டலால் நரம்பியக்கடத்தி நிறைந்த நுண்பைகள் படலத்தோடு இணைந்து தம் உள்ளடக்கத்தை வெளியே சொரிகின்றன. நான்காவதாக, வெளிப்பட்ட பொருள் தசையின் ஏற்பிகளில் பொருந்தித் தசைமறுமொழியை எழுப்புகிறது. தோல் பதனிடும் ஊர்களில் மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பில் உள்ள அதே தனிமம், இங்கே மிகச் சிறிய அளவில் ஒவ்வோர் அசைவுக்கும் திறவுகோலாக நிற்கிறது.

இச்சந்திப்புகளுக்கு மற்றொரு பண்பும் உண்டு. ஒற்றை மின்துடிப்பு பெரும்பாலும் சிறிய மறுமொழியையே எழுப்பும். துடிப்புகள் விரைந்து தொடர்ந்தால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மிகுதியான நுண்பைகளை வெளியிடும். இப்பண்பு 'ஏதுவாக்கல்' எனப்படும். நண்டு தன் பிடியை மெல்லவோ வலிதாகவோ இறுக்குவது பெரிதும் துடிப்புகளின் விரைவைப் பொறுத்தது.

4. தொடக்ககால நோக்கல்கள்

நீர்வாழ் உயிரினங்களை அழுத்தக் கலத்தில் அடைத்து முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் பிரான்சு நாட்டு உடலியலாளர் போல் ரெனார் குறிப்பிடத்தக்கவர். அவர் தம் ஆய்வுகளைத் தொகுத்து 1891இல் நூலாக வெளியிட்டார். ஆழம் குறைந்த நீரில் வாழும் சிறு ஓட்டுடலிகள் அழுத்தம் கூடும்போது முதலில் அமைதியிழந்து துள்ளுவதும், மேலும் கூடும்போது செயலற்று அடங்குவதும், உரிய காலத்தில் அழுத்தம் நீக்கப்பட்டால் மீண்டும் இயங்குவதும் இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. கிளர்ச்சியும் அடக்கமும் ஒரே காரணத்தால் எவ்வாறு விளையும் என்னும் வினா அப்போதே எழுந்தது. விடை காண்பதற்குத் தனி நரம்பிழையில் மின்பதிவு செய்யும் நுட்பம் தேவைப்பட்டது.

அத்தகைய பதிவை ஓட்டுடலிகளின் சந்திப்பில் செய்து 1975இல் வெளியிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் காம்பனாட். அவர் இரண்டு விலங்குகளை ஒப்பிட்டார்: ஒன்று, கரையோரக் கடலில் வாழும் அமெரிக்கச் சிங்கி இறால், மற்றொன்று, அட்லாண்டிக் கடலின் கண்டச் சரிவில் ஆழத்தில் வாழும் செந்நிற நண்டு. அழுத்தம் கூடியபோது சிங்கி இறாலின் தசைமறுமொழி குறைந்தது. ஆழ்கடல் நண்டில் அத்தகைய குறைவு அதே அளவில் தோன்றவில்லை. அழுத்தத்தின் தாக்கம் எல்லா நரம்புக்கும் ஒன்றுபோல் அமைவதன்று, வாழிடத்தோடு பொருந்தியது என்பதற்கு இது முதற் சான்றாயிற்று.

5. செய்தி எந்தப் படியில் குறைகிறது?

மேற்கூறிய நான்கு படிகளுள் எது அழுத்தத்திற்கு ஆட்படுகிறது என்பதே அடுத்த வினா. இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்டிக், இசுரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்மன் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். அவர்கள் ஹீலியம் வளியைக் கொண்டு 10 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் கூட்டினர். ஹீலியம் நரம்பில் மயக்க விளைவு ஏதும் பெரிதாகத் தராதது; ஆதலால் காணப்படும் விளைவு அழுத்தத்திற்கே உரியது எனக் கொள்ளலாம்.

அவர்தம் முடிவுகளை ஒருங்கே நோக்கினால் தெளிவான காட்சி கிடைக்கிறது. மின்துடிப்பு சற்றே மெதுவாகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. தசைமறுமொழியோ பெரிதும் சிறுக்கிறது. ஒரு நுண்பை எழுப்பும் மறுமொழியின் அளவு பெரிதும் மாறுவதில்லை. ஒரு துடிப்புக்கு வெளியாகும் நுண்பைகளின் எண்ணிக்கையே குறைகிறது. எனவே குறை தசையின் பக்கத்தில் இல்லை, நரம்பு முனையின் பக்கத்தில் உள்ளது. மேலும், புறநீர்மத்தில் கால்சியத்தைக் கூட்டினால், குறைந்த மறுமொழி பெருமளவு மீள்கிறது. உயர் அழுத்தத்தில் உள்ள சந்திப்பு, இயல்பான அழுத்தத்தில் கால்சியம் குறைந்த நீர்மத்தில் உள்ள சந்திப்பைப் போலவே நடந்துகொள்கிறது.

கால்சியத்தின் சிறு குறைவு செய்தியில் பெருங்குறைவாக ஏன் மாறுகிறது என்பதற்கு விடை, டாட்ஜ், ரகமிமாஃப் ஆகியோர் தவளையின் சந்திப்பில் கண்டு 1967இல் வெளியிட்ட உறவில் உள்ளது. நரம்பியக்கடத்தியின் வெளியீடு, கால்சிய அளவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஓட்டுடலிகளிலும் இவ்வுறவு செங்குத்தானதே. நான்காம் அடுக்கு எனக் கொண்டு கணக்கிட்டால், உட்புகும் கால்சியம் 16 விழுக்காடு குறைந்தாலே வெளியீடு பாதியாகிவிடும். அழுத்தம் கால்சிய வாயிலைச் சற்றே தடுத்தாலும் செய்தி பாதியாக விழுவது இவ்வாறே.

இனி, கிளர்ச்சியும் அடக்கமும் ஒருங்கே தோன்றும் முரணுக்கு வருவோம். அழுத்தத்தில் ஒற்றைத் துடிப்பின் விளைவு குறையும்போது, ஏதுவாக்கல் கூடுகிறது. தனித்து வரும் துடிப்பு ஏறக்குறையப் பயனற்றுப்போக, விரைந்து தொடரும் துடிப்பு வரிசை தன் வலிமையைப் பெரிதும் மீட்டுக்கொள்கிறது. மெல்லிய குரல்கள் அடங்கி, இடைவிடாத குரல்கள் மட்டும் கேட்கும் அவை போன்றது இந்நிலை. அடக்கும் சந்திப்புகளும் இவ்வாறே தளர்கின்றன. தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான சமன்பாடு குலையும்போது, தனித்தனிச் சந்திப்புகள் தளர்ந்திருந்தும் முழு நரம்பு மண்டலம் கட்டுப்பாடின்றித் துடிக்கக்கூடும். ரெனார் காலத்து வினாவுக்கு இது ஏற்புடைய விளக்கமாக அமைகிறது.

6. அழுத்தம் ஏன் இவ்வாறு செயல்படுகிறது?

வேதியியலில் லெ சாத்லியே கொள்கை என அறியப்படும் விதி இதனை விளக்குகிறது. பருமன் கூடுமாறு நிகழும் மாற்றத்தை அழுத்தம் தடுக்கிறது. பருமன் குறையுமாறு நிகழும் மாற்றத்தை ஊக்குகிறது. படலத்தில் உள்ள ஒரு வாயில் திறக்கும்போதும், நுண்பை படலத்தோடு இணையும்போதும், புரதங்கள் தம் வடிவை மாற்றுகின்றன; அவற்றைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளும் இடம் மாறுகின்றன. இடைநிலையில் மொத்தப் பருமன் சற்றே விரிய வேண்டுமெனில், அழுத்தம் அவ்விரிவுக்கு எதிராக நிற்கும்.

எளிய கணக்கொன்று இதன் அளவை உணர்த்தும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், 100 வளிமண்டல அளவு அழுத்தத்தால் ஒரு நிகழ்வின் வேகம் பாதியாகக் குறைகிறது எனக் கொள்வோம். அதற்கு நேரான பருமன் விரிவு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 167 கன சென்டிமீட்டர் ஆகும். ஒரு மோல் நீரின் பருமன் 18 கன சென்டிமீட்டர். ஆகவே, ஒவ்வொரு நிகழ்விலும் ஏறக்குறைய ஒன்பது நீர் மூலக்கூறுகள் கொள்ளும் இடம் விரிந்தால் போதும்; அத்துணைச் சிறிய விரிவைத் தடுத்தே அழுத்தம் செய்தியைப் பாதியாக்கிவிடுகிறது. கால்சிய உறவின் நான்காம் அடுக்கையும் சேர்த்தால், ஒவ்வொரு கால்சியப் படிக்கும் தேவைப்படும் விரிவு இதில் நான்கில் ஒரு பங்கே.

இவ்விடத்தில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஹைனமன், கோன்டி, ஸ்டூமர், நேயர் ஆகியோர் மாட்டின் அட்ரினல் சுரப்பி உயிரணுக்களில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் கால்சிய வாயில்களைவிட நுண்பைகள் சொரியும் படிநிலையையே மிகுதியாகத் தாக்கியது. ஓட்டுடலிச் சந்திப்பின் முடிவுகளோ கால்சியம் உட்புகும் படியையே சுட்டுகின்றன. கால்சிய வாயில்கள் ஒரே வகையின அல்ல என்பதும், சில வகைகள் அழுத்தத்தில் தளர்வதும் சில வகைகள் மாறாக ஊக்கம் பெறுவதும் பிற்கால ஆய்வுகளில் வெளிப்பட்டன. எனவே இரு கருத்துகளும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன அல்ல. எந்த உயிரணுவில் எவ்வகை வாயில் உள்ளது என்பதைப் பொறுத்து, இரு படிகளின் பங்கும் வேறுபடலாம்.

7. ஆழத்திற்கே உரிய உயிர்கள்

அழுத்தம் எல்லா உயிர்க்கும் பகை எனில் ஆழ்கடல் வெறுமையாக இருந்திருக்கும். ஆனால் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் ஆய்வுக் கப்பல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வலைவீசியபோது, எண்ணற்ற ஆழ்கடல் ஓட்டுடலிகள் கிடைத்தன. அவற்றை விரிவாக விளக்கியவர் அக்கப்பலின் மருத்துவரும் இயற்கையியலாளருமான ஆல்ஃபிரடு அல்காக். நம் கடற்கரைக்கு வரும் செந்நிற ஆழ்கடல் இறால் ஒன்றின் அறிவியற் பெயரான 'அரிஸ்டியசு அல்காக்கி' அவரை இன்றும் நினைவூட்டுகிறது.

இத்தகைய உயிரினங்கள் வலையில் மேலேறும்போது அழுத்தம் குறைவதோடு நீரும் வெம்மையடைகிறது. ஆகவே அவை செயலிழப்பது எதனால் என்பதைக் கரையில் நின்று கூற இயலாது. இச்சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் யயானோசு. அவர் அழுத்தத்தைத் தக்கவைக்கும் பொறியை வடிவமைத்து, பசிபிக் கடலின் 5,700 மீட்டர் ஆழத்திலிருந்து ஆம்பிபாடு எனப்படும் சிறு ஓட்டுடலிகளை 580 பார் அழுத்தத்திலேயே உயிருடன் மேலே கொணர்ந்தார். இச்செய்தி 1978இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, ஏறத்தாழ 600 பாரிலிருந்து நமது இயல்பான அழுத்தத்திற்குக் கொணரப்பட்ட ஆம்பிபாடுகள் செயலிழந்தன. அச்செயலிழப்பு மீளக்கூடியதாகவும் இருந்தது.

கரையோரச் சிங்கி இறாலை அடக்குவது அழுத்தத்தின் மிகுதி; ஆழ்கடல் ஆம்பிபாடை அடக்குவது அதன் இன்மை. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், நாம் 'இயல்பான அழுத்தம்' என்று கூறுவது நமது வாழிடத்தின் பெயரே என்பது விளங்கும். ஒவ்வோர் உயிரினத்தின் நரம்புப் புரதங்களும் படலக் கொழுப்புகளும் தத்தம் ஆழத்திற்கு ஏற்பப் பொருத்தப்பட்டவை.

8. மனிதருக்கு இதனால் அறியப்படுவது

எண்ணெய்க் கிணறுகளிலும் கடலடிப் பணிகளிலும் ஹீலியம் கலந்த வளியைச் சுவாசித்து ஆழத்தில் பணிபுரிவோருக்கு, ஏறத்தாழ 150 மீட்டருக்கு அப்பால் கைநடுக்கம், தலைச்சுற்றல், குமட்டல், கவனச் சிதறல் ஆகியன தோன்றத் தொடங்குகின்றன. இது 'உயர் அழுத்த நரம்பு நோய்க்குறித் தொகுதி' எனப்படும். விலங்குகளில் மேலும் உயர்ந்த அழுத்தம் வலிப்பை உண்டாக்குகிறது. அழுத்தத்தை மெல்லக் கூட்டுதலும், சுவாச வளியில் நைட்ரசனையோ ஹைட்ரசனையோ அளவோடு சேர்த்தலும் இவற்றைத் தணிக்கின்றன. 1992இல் பிரான்சில் அழுத்தக் கூடம் ஒன்றில் மனிதர் எட்டிய 701 மீட்டருக்கு நேரான அழுத்தமே இம்முறையின் எல்லையாகக் குறிக்கப்படுகிறது.

இந்நோய்க்குறிகளின் வேரை நண்டின் காலில் கண்டவற்றோடு ஒப்பிடலாம். மூளையிலும் குளூட்டமேட், காபா ஆகியவற்றின் வெளியீடு அழுத்தத்தில் குறைகிறது. அதனோடு, என்எம்டிஏ எனப்படும் ஒருவகைக் குளூட்டமேட் ஏற்பி அழுத்தத்தில் மிகை ஊக்கம் பெறுவதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே மனித மூளையின் நிலை நண்டின் காலைவிடச் சிக்கலானது. ஒன்றை மற்றொன்றின் முழுப் படியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் முதற் படியை நமக்குக் காட்டியது அந்த எளிய சந்திப்பே.

மத்ஸ்யா 6000 கலத்தின் வடிவமைப்பையும் இவ்வறிவின் ஒளியில் புரிந்துகொள்ளலாம். அக்கலத்தில் பயணிப்போர் அமரும் டைட்டானியம் உலோகக் கோளத்தின் உள்ளே ஒரு வளிமண்டல அளவு அழுத்தமே பேணப்படும். வெளியே நிலவும் 600 வளிமண்டல அளவு அழுத்தத்தை உலோகச் சுவர் தாங்கும். மனித நரம்பை ஆழத்திற்குப் பழக்குவதற்கு மாறாக, அதன் வாழிடத்தையே உடன் எடுத்துச் செல்லும் வழி இது. அக்கோளத்தின் சாளரத்திற்கு அப்பால் உலவும் ஓட்டுடலிகளுக்கு அத்தகைய சுவர் தேவைப்படுவதில்லை.

முடிவுரை

ஓட்டுடலிகளின் நரம்பு – தசைச் சந்திப்பு குறித்த ஆய்வுகள் மூன்று செய்திகளை நிறுவுகின்றன. உயர் அழுத்தம் ஆழமற்ற நீரில் வாழும் உயிரினங்களின் நரம்பு முனையிலிருந்து வெளியாகும் நுண்பைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அக்குறைவில் கால்சியத்தின் பங்கு பெரிது. சில நீர் மூலக்கூறுகளின் இடத்திற்கு நிகரான பருமன் விரிவைத் தடுப்பதன் வழியே இவ்விளைவு தோன்றுகிறது. ஆழத்தில் வாழும் இனங்கள் இதிலிருந்து வேறுபட்ட பொருத்தப்பாட்டைப் பெற்றுள்ளன.

காம்பனாட் ஒப்பிட்டதைப் போன்றதோர் இணை நம் கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் கரையோரப் பாறைகளில் வாழும் சிங்கி இறால்களும், தூத்துக்குடிப் படகுகள் ஆழத்திலிருந்து கொணரும் 'புவருலசு செவெல்லி' என்னும் ஆழ்கடல் சிங்கி இறாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவால் நெருங்கி, வாழும் ஆழத்தால் விலகி நிற்கும் இவ்விரண்டின் கால் நரம்புகளையும் ஒரே அழுத்தக் கலத்தில் வைத்து அளப்பது, நம் பல்கலைக்கழக விலங்கியல் துறைகளும் கடல்சார் நிறுவனங்களும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.